ஸ்லீமாவா, மோஸ்டாவா? பள்ளி விடும் நேரத்திலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: நானும் கணவரும் மால்டாவுக்கு வந்து மூன்று வருடமாகிறது. நான் மாட்டர் டெய் மருத்துவமனையில் நர்ஸ். காலை 7 முதல் மாலை 7 வரை, அல்லது மாலை 7 முதல் மறுநாள் காலை 7 வரை என்று ஷிஃப்ட் மாறி மாறி வரும். அவருக்கு செயின்ட் ஜூலியன்ஸில் ஐ.டி. வேலை, காலை 9 முதல் மாலை 6 வரை. இதுவரை ம்சீடாவில் இன்னொரு தம்பதியோடு ஒரே ஃபிளாட்டில் இருந்தோம். தஞ்சாவூரில் என் அம்மாவிடம் வளர்ந்த ஏழு வயது மகன் இப்போது எங்களோடு வந்துவிட்டான். செப்டம்பரில் இங்கே பள்ளியில் சேர்க்க வேண்டும். தனி வீடு தேடி இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று ஸ்லீமாவில்: மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை, லிஃப்ட் இல்லை, மாதம் 1,450 யூரோ, கடலோர நடைபாதைக்கு ஐந்து நிமிடம். பக்கத்தில் ஒரு பழைய வீடு பூட்டிக் கிடக்கிறது, கதவில் ஏதோ நோட்டீஸ் ஒட்டியிருந்தது. இன்னொன்று மோஸ்டாவில்: தனி வாசலும் சின்ன முற்றமும் உள்ள தரைத்தள மேசனெட், 1,050 யூரோ. கார் கிடையாது. முழங்கால் வலியுள்ள மாமியார் வருடத்துக்கு ஒருமுறை வந்து மூன்று மாதம் தங்குவார். கணவருக்கு ஸ்லீமா, எனக்கு மோஸ்டா. பின்னால் இங்கேயே சொந்த வீடு வாங்கும் எண்ணமும் இருக்கிறது. எந்த ஊருக்குப் போகலாம்?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் வாடகை இருக்கிறது, கடல் இருக்கிறது, முற்றம் இருக்கிறது, மாமியாரின் முழங்காலும் இருக்கிறது. மகனின் பள்ளி எத்தனை மணிக்கு விடும் என்பது மட்டும் இல்லை. மால்டாவில் வாடகை வீடு பார்த்துக் கொடுப்பது என் தொழில். சின்னப் பிள்ளையோடு யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது அதைத்தான். உங்கள் விஷயத்தில் ஊரை முடிவு செய்யப்போவதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

இங்கே அரசுத் தொடக்கப் பள்ளிகள் பிற்பகல் இரண்டரை மணி வாக்கில் விட்டுவிடும். நீங்கள் பகல் ஷிஃப்டில் இருக்கும் நாளில் காலை ஆறரைக்குள் வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும், திரும்பும்போது இரவு ஏழரை. கணவர் அலுவலகத்திலிருந்து வெளியே வருவதே ஆறு மணிக்கு. இரண்டரையிலிருந்து அதுவரை பிள்ளை யாரிடம் இருப்பான்? பாட்டி இல்லாத ஒன்பது மாதமும் இந்தக் கேள்வி உங்கள் ஷிஃப்ட் அட்டவணையோடு சேர்ந்தே வரும்.

இதற்கு இங்கே நல்ல ஏற்பாடுகள் உண்டு. காலையில் பள்ளி திறக்கும் முன்பே பிள்ளையை விட்டுப் போக 'பிரேக்ஃபஸ்ட் கிளப்', பள்ளி விட்ட பிறகு 'கிளப் 3-16' (மூன்று முதல் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு). பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்களை நினைத்தே நடத்தப்படுகிறவை. மாலைப் பிரிவு ஆறு மணி வரை இருக்கும். எல்லாப் பள்ளியிலும் நடப்பதில்லை என்பதால் உங்கள் மகனுக்கு எந்த மையம் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஆக, ஆறு மணிக்குள் ஒருவர் அந்த வாசலில் நிற்க வேண்டும். பகல் ஷிஃப்ட் நாட்களில் அது உங்கள் கணவர்தான்.

செயின்ட் ஜூலியன்ஸிலிருந்து ஸ்லீமாவுக்கு பஸ் இருக்கிறது. பஸ் வராவிட்டாலும் ஸ்பினோலா, பலூட்டா என்று கடலோரமாகவே நடந்து அரை மணி வாக்கில் வந்துவிடலாம். காலை எட்டரைக்கு வேலையைத் தொடங்கி மாலை ஐந்தரைக்கு முடித்துக்கொள்கிறேன் என்று அலுவலகத்தில் கேட்டால் போதும், பிரச்சினை தீர்ந்தது. மோஸ்டா என்றால் கதை வேறு. தூரம் ஏழு கிலோமீட்டர் அளவுதான். ஆனால் 316 சதுர கிலோமீட்டர் நாட்டில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் ஓடுகின்றன. மாலை ஐந்து மணிக்கு அந்த ஏழு கிலோமீட்டர் ஒரு மணி நேரம்கூட எடுக்கும். நிறைந்த பஸ் நிறுத்தத்தில் நிற்காமலே போவதை மூன்று வருடத்தில் நீங்களே எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். 2022 அக்டோபரிலிருந்து தல்லின்யா என்ற பஸ் அட்டை வைத்திருப்பவர்களுக்குப் பயணம் இலவசம், அது பெரிய உதவி. ஆனால் இலவசம் என்பதால் பஸ் நேரத்துக்கு வந்துவிடாது.

நடுப்பகலில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தால் என்ன செய்வீர்கள் என்றும் யோசியுங்கள். வார்டில் இருக்கும் நீங்கள் உடனே கிளம்ப முடியாது. ஸ்லீமா என்றால் கணவர் கால்நடையாகவே வந்துவிடுவார். மோஸ்டா என்றால் இருவருமே ஆறேழு கிலோமீட்டருக்கு அப்பால், கையில் கார் இல்லாமல். மற்ற எல்லாக் குறைகளுக்கும் பணத்தாலோ பொறுமையாலோ ஈடு செய்யலாம். இதற்கு வழியில்லை.

அதனால் என் பதில் இது. இப்போதைக்கு உங்கள் குடும்பத்துக்கு ஸ்லீமாதான் ஏற்றது. ஆனால் நீங்கள் பார்த்து வைத்திருக்கும் அந்த ஸ்லீமா வீடு வேண்டாம்.

வேண்டாம் என்பதற்கு முதல் காரணம் அந்தப் பூட்டிய வீடும் கதவிலிருக்கும் நோட்டீசும். கட்டட அனுமதிக்கு விண்ணப்பம் போட்டால் அதை மனையின் முகப்பில் ஒட்டியாக வேண்டும். அதில் ஒரு விண்ணப்ப எண் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு வந்து திட்ட அனுமதி ஆணையத்தின் இணையதளத்தில் போட்டால், என்ன கேட்டிருக்கிறார்கள், எத்தனை மாடி, முடிவு வந்துவிட்டதா என்று எல்லாம் தெரியும். எண் இல்லாவிட்டாலும் அவர்களுடைய வரைபடத்தில் அந்தத் தெருவைத் தேடி, சுற்றியுள்ள ஒவ்வொரு மனையிலும் என்ன விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது என்று பார்க்கலாம். காசு கிடையாது. ஸ்லீமாவில் வீடு பார்க்கும் யாரும் இதைச் செய்யாமல் அட்வான்ஸ் கொடுக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்வேன்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், வலெட்டாக்காரர்களின் கோடைக்கால வாசஸ்தலமாக வளர்ந்த ஊர் ஸ்லீமா. மரப் பலகணி வைத்த அந்தக் காலத்து வரிசை வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து அடுக்குமாடியாகிக்கொண்டிருக்கின்றன. பூட்டிக் கிடக்கும் பழைய வீடும் கதவில் நோட்டீசும் என்றால் பெரும்பாலும் அடுத்தது இடிப்பு, அதற்கடுத்தது பாறையைக் குடைவது. நிலத்தடியில் கார் நிறுத்தம் கட்ட வேண்டும் என்றால் சுண்ணாம்புப் பாறையை மாதக்கணக்கில் வெட்டுவார்கள். காலை ஏழு மணிக்கு இயந்திரம் தொடங்கும். நீங்கள் இரவு ஷிஃப்ட் முடித்து வந்து கண்ணை மூடும் நேரம் அது. சுற்றுலாப் பகுதிகளில் கோடை மாதங்களில் இடிப்பதற்கும் தோண்டுவதற்கும் தடை உண்டு. மீதி மாதங்களில் உங்களுக்குத் தூக்கம் கிடையாது.

தூக்கம் மட்டுமல்ல. 2020 மார்ச்சில் ஹம்ரூனில் பக்கத்து மனையில் வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒரு வீடு இடிந்து விழுந்து, உள்ளே இருந்த பெண் இறந்துபோனார். அதன் பிறகு விதிகள் இறுக்கப்பட்டன, 2021-ல் கட்டடக் கட்டுமானங்களுக்கென்று தனி ஆணையமே வந்தது. ஆனாலும் பொதுச் சுவர் வைத்த பழைய கட்டடத்தில், பக்கத்தில் தோண்டப்போகிறார்கள் என்று தெரிந்தே பிள்ளையோடு குடிபோகச் சொல்ல எனக்கு மனம் வராது.

இரண்டாவது, லிஃப்ட். மூன்று மாடி உங்களுக்கு ஒன்றுமில்லை. மாமியாருக்கு அது சிறை. ஒருநாள் இறங்கி ஏறினால் மறுநாள் இறங்க மாட்டார். இங்கே குழாய்த் தண்ணீரில் பெரும்பகுதி கடல்நீரைச் சுத்திகரித்தது. குடிக்கலாம் என்றாலும் ருசி பிடிக்காமல் பாட்டில் தண்ணீரைக் கட்டுக்கட்டாக வாங்குகிறவர்கள்தான் அதிகம். நம் சமையலுக்கு கேஸ் சிலிண்டரும் அடிக்கடி தீரும். அத்தனையும் படியேற வேண்டும். கடலிலிருந்து ஸ்லீமாவின் தெருக்கள் இருபக்கமும் மேடேறுகின்றன என்பதையும் மறக்காதீர்கள். கடலுக்கு ஐந்து நிமிடம் என்று விளம்பரத்தில் போடுவது இறங்கும்போது. ஏறும்போது பத்து.

சரி, ஸ்லீமாவில் வேறு எங்கே தேடுவது? க்ஸீரா எல்லையை ஒட்டிய பக்கம் பாருங்கள். அங்கே நிலம் ஓரளவு சமமாக இருக்கும், மாட்டர் டெய்யும் உங்களுக்கு இன்னும் கிட்டத்தில் வரும். ஸ்லீமாவுக்கான அரசு ஆரோக்கிய மையமும் க்ஸீராவில்தான் இருக்கிறது. லிஃப்ட் உள்ள கட்டடம், அல்லது முதல் மாடி. கடல் தெரிய வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். தெரியும் கடலுக்கு வாடகையில் தனி விலை வைப்பார்கள், நடந்து போய்ப் பார்க்கும் கடலுக்கு யாரும் காசு கேட்பதில்லை. கொஞ்சம் சின்ன வீடாக இருந்தாலும் பரவாயில்லை. ஏற்கெனவே இருபுறமும் புதிய கட்டடம் எழுந்துவிட்ட மனையாகக் கிடைத்தால் அதையே எடுங்கள். இடிக்க வேண்டியதை அங்கே இடித்து முடித்துவிட்டார்கள்.

வாடகைக் கணக்குக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் மனம் மோஸ்டா பக்கம் சாய்வதில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது. மாதம் 400 யூரோ வித்தியாசம், வருடத்துக்கு 4,800. சின்னத் தொகை அல்ல, ஊரில் பெற்றோருக்கு அனுப்பும் பணம் அதிலிருந்துதான் வர வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் மோஸ்டாவுக்குப் போனால் ஆறு மாதத்துக்குள் கார் வாங்குவீர்கள். கார் விலை, காப்பீடு, சாலை வரி, பெட்ரோல், செயின்ட் ஜூலியன்ஸில் நிறுத்துவதற்கான பாடு என்று போட்டுப் பாருங்கள், அந்த 400-ல் பெரும்பகுதி கரைந்துவிடும். இங்கேயும் இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பது நமக்கு வசதி. ஆனால் இந்திய உரிமத்தை வைத்து முதல் பன்னிரண்டு மாதம்தான் ஓட்டலாம். உங்களுக்கு அது முடிந்துவிட்டது. மால்டா உரிமத்துக்கு எழுத்துத் தேர்விலும் ஓட்டுநர் தேர்விலும் தேறித்தான் ஆக வேண்டும். செப்டம்பருக்குள் அது நடக்காது.

பள்ளி விஷயத்தில் இன்னொன்று. அரசுத் தொடக்கப் பள்ளியில் இடம் நீங்கள் வசிக்கும் ஊரைப் பொறுத்துக் கிடைக்கும். ஸ்லீமா பள்ளி செயின்ட் கிளேர் 'கல்லூரி' என்ற அரசுப் பள்ளிக் குழுமத்தைச் சேர்ந்தது, மோஸ்டா பள்ளிகள் மரியா ரெஜினாவை. முகவரிக்குச் சான்றாக வாடகை ஒப்பந்தம் கேட்பார்கள். ஆகவே வீடு முதலில், பள்ளி அடுத்து. வருட நடுவில் ஊர் மாறினால் பிள்ளை இரண்டாவது முறை பள்ளி மாற நேரும், தஞ்சாவூரிலிருந்து இப்போதுதான் வந்தவனுக்கு அது கொடுமை. ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத குடும்பம் என்பதால் பள்ளிக் கட்டண விலக்குக்கான விண்ணப்பத்தையும் சேர்க்கும்போதே கேட்டு வாங்கி முடித்துவிடுங்கள்.

மொழியையும் சொல்ல வேண்டும். வகுப்பில் மால்டீஸ், ஆங்கிலம் இரண்டும் உண்டு. மோஸ்டாவில் விளையாட்டுத் திடலில் பிள்ளைகள் பேசுவது மால்டீஸ். ஸ்லீமாவில் ஆங்கிலம் அதிகம் காதில் விழும், வெளிநாட்டுப் பிள்ளைகளும் கூட. 2021 கணக்கெடுப்பின்படி நாட்டின் 5,19,562 பேரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெளிநாட்டவர். அவர்கள் நெருக்கமாக வாழும் பட்டைகளில் ஸ்லீமா, க்ஸீரா, ம்சீடா எல்லாம் வரும். ஆங்கிலத்தில் ஓரளவு பேசத் தெரிந்த ஏழு வயதுப் பையனுக்கு முதல் வருடம் ஸ்லீமாவில் தனிமை குறைவாக இருக்கும். நெடுநாள் இங்கே வாழப்போகிறான் என்றால் மால்டீஸ் அவசியம், அதை மோஸ்டாவில்தான் சீக்கிரம் பிடிப்பான். இது ஒன்றில் மோஸ்டாவுக்கே என் ஓட்டு.

உங்களுக்கு மோஸ்டா ஏன் பிடித்தது என்று எனக்குப் புரிகிறது. எனக்கும் மிகவும் பிடித்த ஊர் அது. ஊர் நடுவே அந்தப் பெரிய வட்டக் கோபுரத் தேவாலயம், அதைச் சுற்றிக் கடைத்தெரு, மாலையில் திண்ணை போன்ற படிகளில் உட்கார்ந்து பேசும் பெரியவர்கள். 1942 ஏப்ரல் 9-ம் தேதி ஆராதனைக்குக் கூடியிருந்த ஜனங்களுக்கு நடுவே குவிமாடத்தைத் துளைத்துக்கொண்டு விழுந்த குண்டு வெடிக்கவில்லை. அந்தச் சம்பவத்தை இன்றும் தங்கள் வீட்டுக் கதைபோல் சொல்வார்கள். ஊருக்குள்ளேயே ஆரோக்கிய மையம் இருக்கிறது. செவ்வாயும் சனியும் பக்கத்துத் தா அலியில் விவசாயிகள் நேரடியாக விற்கும் சந்தை உண்டு, பூசணியும் தக்காளியும் கீரையும் பறித்த சூட்டோடு கிடைக்கும். அக்கம்பக்கத்தில் தலைமுறையாக இருக்கும் குடும்பங்கள். பெயரைக் கேட்டு, பிள்ளையை விசாரித்து, ஆறு மாதத்தில் உங்களை ஊர்க்காரராக ஆக்கிவிடுவார்கள். ஸ்லீமாவில் எதிர்வீட்டில் இருப்பவர் போன மாதம் இருந்தவர்தானா என்பதே தெரியாது.

அதற்காக மோஸ்டா அமைதியான ஊர் என்று நினைத்துவிட வேண்டாம். ஆகஸ்ட் 15 சாந்தா மரியா திருவிழா. அதற்கு முந்தைய வாரம் முழுக்க, காலை எட்டு மணிக்கெல்லாம் வானில் அதிர்வேட்டு தொடங்கிவிடும். ஊரில் இரண்டு இசைக்குழு மன்றங்கள், இரண்டுக்கும் போட்டி. வருடத்தில் ஒரு வாரம்தான், விடுப்பு எடுத்தால் நீங்களும் கூடக் கொண்டாடலாம். இரவு ஷிஃப்ட் இருந்தால் அந்த வாரம் அழுகை வரும்.

அந்த மேசனெட்டைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் முற்றத்தைப் பார்த்து மயங்கி அதையே எடுத்துவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. மால்டாவில் தரைத்தள வீட்டின் முதல் எதிரி ஓதம். சுவர் எல்லாம் மிருதுவான சுண்ணாம்புக் கல், கீழிருந்து ஈரத்தை உறிஞ்சும். மழையெல்லாம் அக்டோபருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் கொட்டும், வீடுகளில் சூடேற்றும் ஏற்பாடு பெரும்பாலும் கிடையாது. ஜனவரியில் படுக்கை விரிப்பே பிசுபிசுக்கும், அலமாரிக்குள் துணி பூசணம் பிடிக்கும். நீங்கள் வீடு பார்த்தது வெயில் காலத்தில், புதிதாக வெள்ளையடித்த சுவரை. ஸ்லீமாவோ மோஸ்டாவோ, எந்த வீட்டுக்குப் போனாலும் அலமாரியைக் கொஞ்சம் நகர்த்திப் பின்சுவரைப் பாருங்கள். வண்ணம் கொப்பளித்திருக்கிறதா, உப்புப் பூத்திருக்கிறதா, மூடிவைத்த அறையில் என்ன வாடை வருகிறது என்று கவனியுங்கள். படுக்கையறை ஜன்னல் தெருவிலோ முற்றத்திலோ திறக்க வேண்டும். கட்டடத்தின் நடுவே சுவர்களுக்குள் அடைந்த இடைவெளியான ஷாஃப்டில் மட்டும் திறக்கும் அறை பிள்ளைக்கு வேண்டாம், வெயிலும் வராது காற்றும் வராது. ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றை ஓனரே வாங்கி வைக்கச் சொல்லிக் கேளுங்கள், பலர் ஒத்துக்கொள்கிறார்கள். மழைநீர் ஓடும் தாழ்ந்த தெருவா என்று பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரியுங்கள். பிர்கிர்காராவிலும் ம்சீடாவிலும் ஒரு பெருமழைக்குத் தெரு ஆறாகிவிடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இனி ஒப்பந்தம். இதில் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது, தெரிந்துவைத்திருந்தால். 2020 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் தனியார் குடியிருப்பு வாடகைச் சட்டப்படி நீண்டகால ஒப்பந்தம் குறைந்தது ஒரு வருடம். ஒவ்வொரு ஒப்பந்தமும் வீட்டுவசதி ஆணையத்தில் பதிவாக வேண்டும். பதிவு செய்ய மாட்டேன், ரொக்கமாகக் கொடு என்று சொல்லும் ஓனரின் வீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். உங்கள் வேலை அனுமதிக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் அந்தப் பதிவுதான் ஆதாரம். ஒரு வருட ஒப்பந்தமென்றால் முதல் ஆறு மாதம் நீங்கள் விலக முடியாது, அதற்குப் பிறகு ஒரு மாத முன்னறிவிப்பு கொடுத்துக் கிளம்பலாம். இரண்டு வருட ஒப்பந்தத்தில் ஒன்பது மாதமும் இரண்டு மாத முன்னறிவிப்பும். ஓனர் உங்களை வருடக் கடைசியில் அனுப்ப நினைத்தால் மூன்று மாதம் முன்பே பதிவுத் தபாலில் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் ஒப்பந்தம் இன்னொரு வருடத்துக்குத் தானே நீளும். ஒப்பந்த காலத்துக்குள் வருட வாடகை உயர்வு 5 சதவீதத்தைத் தாண்ட முடியாது. பிள்ளையின் பள்ளியை நினைத்து இரண்டு வருடமாகக் கேளுங்கள், அவ்வளவு நாள் வாடகை அந்த வரம்பைத் தாண்டி ஏறாது.

அட்வான்ஸ் தொகையும் வீட்டிலுள்ள சாமான் பட்டியலும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். குடிபோகும் அன்றே ஒவ்வொரு அறையையும், முக்கியமாகச் சுவர்களையும், போனில் படம் பிடித்து ஓனருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது ஓதக் கறையை உங்கள் தலையில் கட்டி அட்வான்ஸைப் பிடிப்பது இங்கே வழக்கமான சண்டை. 5,000 யூரோ வரையிலான தகராறுகளைத் தீர்க்க இந்தச் சட்டத்தின் கீழ் ஒரு தனிக் குழு இருக்கிறது. கையில் படம் இருந்தால் பேச்சு சுலபம்.

மின்சாரமும் தண்ணீரும் ஆர்ம்ஸ் நிறுவனத்தின் பில்லில் சேர்ந்து வரும். வீட்டில் எத்தனை பேர் என்று படிவம் கொடுத்துப் பதிந்தால் 'ரெசிடென்ஷியல்' கட்டணம், தலைக்கு இவ்வளவு என்று சலுகையும் உண்டு. பதியாவிட்டால் 'டொமெஸ்டிக்' என்ற கூடுதல் கட்டணம். பல ஓனர்கள் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடாமல் இழுத்தடிப்பார்கள், குடியிருப்பவர் வருடக்கணக்கில் அதிகம் கட்டிக்கொண்டிருப்பார். சாவி வாங்கும் அன்றே மூவர் பெயரையும் பதிய ஓனர் கையெழுத்திட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். முகவர் கட்டணம் வழக்கமாக அரை மாத வாடகையும் அதன் மேல் 18 சதவீத வரியும். முகவருக்கு உரிமம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இப்போது அது கட்டாயம், கேட்பதில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

சொந்த வீடு பற்றி இப்போதைக்குச் சுருக்கமாக. ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை இல்லாதவர்கள் வீடு வாங்கப் பெரும்பாலும் அசையாச் சொத்துக்கான ஏ.ஐ.பி. அனுமதி பெற வேண்டும். அதற்குக் குறைந்தபட்ச விலை வரம்பு உண்டு, வாங்கியதை வாடகைக்கு விட முடியாது. கோன்வெனியு எனப்படும் முன் ஒப்பந்தத்தின்போது வழக்கமாக விலையில் பத்து சதவீதம் கொடுப்பார்கள், எல்லாம் நோட்டரி மூலம் நடக்கும். அந்த நாள் வரும்போது மோஸ்டாவைத் திரும்பப் பாருங்கள் என்பதே என் ஆலோசனை. மகனுக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயதாகித் தானே பஸ் ஏறத் தெரிந்திருக்கும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் கணவருக்கு வீட்டிலிருந்தே வேலை கிடைத்தாலோ, உங்களுக்கு ஆரோக்கிய மையம் ஒன்றில் பகல்நேர வேலை அமைந்தாலோ, அதற்கு முன்பேகூட நானே உங்களை அங்கே போகச் சொல்வேன்.

மாமியாரின் நடையைப் பற்றிக் கேட்டால், ஸ்லீமாவின் கடலோர நடைபாதைக்கு இணையாக இந்தத் தீவில் வேறில்லை. மேடு பள்ளம் கிடையாது, நெடுக உட்கார பெஞ்ச், இரவு பத்து மணிக்கும் குடும்பம் குடும்பமாக ஜனங்கள். மோஸ்டாவின் உள்தெருக்களில் நடைபாதை குறுகி, சில இடத்தில் மறைந்தே போகும். முழங்கால் வலிக்காரர் சாலையில் இறங்கி நடக்க வேண்டிவரும். ஆனால் ஸ்லீமாவில் மணல் கடற்கரை இல்லை, பாறைதான். பையனைத் தனியாக விடாதீர்கள்.

கடைசியாக, மாமியார் எந்த மாதம் வர வேண்டும் என்பதையும் பள்ளியை வைத்தே முடிவு செய்யுங்கள். இங்கே கோடை விடுமுறை ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை, ஏறக்குறைய மூன்று மாதம். ஸ்கோலாசைஃப் என்ற கோடைப் பள்ளி உண்டு, என்றாலும் பாட்டி வீட்டில் இருப்பதுபோல் ஆகாது. ஷெங்கன் விசாவில் 180 நாளில் 90 நாள் தங்கலாம், விடுமுறைக்கு அது அளவாகப் பொருந்தும். வெயில் கடுமையாக இருக்கும், அதனால் அவர் படுக்கும் அறையில் ஏ.சி. இருக்கிறதா என்று வீடு பார்க்கும்போதே கவனியுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அடுத்த ஜூனுக்கு ஜனவரியிலேயே காகிதங்களைத் தயார் செய்துவிடுங்கள், பதிவான வாடகை ஒப்பந்தத்தின் நகலும் அதற்குத் தேவைப்படும்.